பெயர் சொல்லக்கூடாத விளையாட்டு

கோலாலம்பூர் செராஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சில இளைஞர்கள் சேர்ந்து கணினி விளையாட்டுகள் செய்கிறார்கள். நான் பணி ஓய்வு பெற்றதைக் கேள்விப்பட்டு என்னை ஒருநாள் பேசக் கூப்பிட்டார்கள். துர்கா என்ற பெண் தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டு பாதிகூட முடியவில்லை. கதாநாயகனின் ஒரு கை சுவருக்குள் புகுந்து நின்றது. அதை அப்படியே இணையத்தில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் பேர் தெரியாத யார் யாரோ விளையாடிப் பார்த்து, இங்கே கோளாறு, அங்கே கோளாறு என்று எழுத, துர்கா சிரித்துக்கொண்டே பதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க காலத்துல ரிலீசுக்கு முன்னாடி எப்படி ஆன்டி மார்க்கெட்டிங் பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"யாருக்கும் தெரியாம பண்ணுவோம்" என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுவருக்குள் புகுந்த அந்தக் கையை யாராவது மறைக்க மாட்டார்களா என்றிருந்தது. வீட்டுக்கு வந்தும் அந்த நினைப்பு அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். படிப்பு முடித்து, தட்டச்சு கற்று, கணினி விற்கும் கடையொன்றில் சில காலம் நின்று, தொண்ணூறுகளின் நடுவில் பங்சாரில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். கீழே கிளினிக், மேலே நாங்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. என்ன வேலை என்று நேர்முகத்தேர்வில்கூடச் சொல்லவில்லை. "எழுத வருமா, வாயை மூடிக்கொண்டிருக்க வருமா?" இரண்டே கேள்விகள்தான். கேட்டவர் முதலாளி சிவநேசன்.

சிவநேசன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அரசாங்கத்தில் பொறியாளராக இருந்து, பென்ஷன் வரும் வேலையை விட்டுவிட்டு வந்ததில் சொந்தக்காரர்கள் யாரும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை என்று கேள்வி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நிறைய கோபம் வந்தால் நிறைய நேரம் துடைப்பார். நாங்கள் எல்லாரும் அந்தக் கைக்குட்டையைப் பார்த்துத்தான் அன்றைய வானிலையைத் தெரிந்துகொள்வோம்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு படகு விளையாட்டு. கடலோரக் காப்பார் பக்கத்துக் கண்டல் காடு மாதிரி ஓர் இடம். பழைய காலம். சரக்குப் படகை ஒவ்வோர் ஆற்றின் வழியாகவும் ஓட்டிக்கொண்டு போய்த் துறைமுகம் சேர்க்க வேண்டும். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு நம் ஊர் ஆற்றையும் நம் ஊர் வானத்தையும் கணினித் திரையில் யாரும் பார்த்ததில்லை.

அந்த விளையாட்டின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. வெளியே தெரிந்தால் வேறு ஒருவர் முந்திக்கொள்வார், அல்லது முடியாத பிரதியே திருட்டு சிடியாகக் கடைக்கு வந்துவிடும் என்று சிவநேசனுக்குப் பயம். அது வீண் பயமும் இல்லை. அப்போது கோலாலம்பூரில் எந்தத் தெருவோர ஒட்டுக்கடையிலும் திருட்டு சிடி கிடைக்கும். சிங்கப்பூரில் எங்கள் விளையாட்டை வெளியிட ஒப்புக்கொண்டிருந்த நிறுவனமும் ஒரு படம்கூட முன்கூட்டியே கசியக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தது.

அதனால் ஜன்னல் கண்ணாடிகளில் நாளிதழ் ஒட்டியிருந்தோம். சோதனை சிடிகளை மாலையில் சிவநேசனே கையால் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். முக்கியமாக, ஒலிபெருக்கியைப் போடக்கூடாது. கீழே கிளினிக்கில் காத்திருக்கும் நோயாளிகள் காதில் விளையாட்டுச் சத்தம் விழக்கூடாதாம். ஆகவே நாங்கள் எல்லாரும் ஊமைப் படகைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

என் வேலை விளம்பரம். மறைத்துக்கொண்டே விளம்பரம் செய்வது எப்படி என்பதை அங்கேதான் கற்றேன். பத்திரிகைகளுக்குக் கொடுக்கத் திரையைப் படம் எடுக்க வேண்டும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, கேமராவை முக்காலியில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவான வேகத்தில் எடுக்க வேண்டும். வேகமாக எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். முழுப் படகும் தெரியக்கூடாது, ஆறு எங்கே போகிறது என்று தெரியக்கூடாது, ஆனால் பார்த்தவனுக்கு ஆசை வர வேண்டும். பிலிமைக் கழுவ பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோவேன். படம் இயந்திரத்திலிருந்து வெளியே வரும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும், நெகட்டிவையும் கையோடு வாங்கிவர வேண்டும் என்பது சிவநேசனின் உத்தரவு. ஸ்டூடியோக்காரர், "என்னம்மா, உள்ள ஏதும் ஏடாகூடமான படமா?" என்று ஒரு தரம் கேட்டே விட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

இந்த ரகசியம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. தொலைபேசியில் பேசும்போது விளையாட்டைக் குறிக்க ஒரு மறைமொழி வேண்டும் என்று "கல்யாணம்" என்ற சொல்லைச் சிவநேசன் வைத்திருந்தார். யார் ஒட்டுக்கேட்டாலும் சந்தேகம் வராதாம். எனக்கு அப்போது வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, வரன் எதுவும் அமையவில்லை. இதை அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போன் செய்தார். நான் பேசியது இவ்வளவுதான்: "கல்யாணத்தத் தள்ளி வைக்க முடியாது சார். சிங்கப்பூர்க்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. இல்ல சார், வீட்ல யாருக்கும் தெரியாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எவ்வளவு சொல்லியும் அம்மா கேட்கவில்லை. வேலை விஷயம் என்றேன். என்ன வேலை என்றார். சொல்லக்கூடாது என்றேன். அதற்குமேல் நான் பேசப்பேச எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. மறுநாள் காலை அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என் பின்னாலேயே பங்சாருக்கு வந்துவிட்டார். ஜன்னலில் நாளிதழ் ஒட்டிய, பெயர்ப்பலகை இல்லாத மாடியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"என் பொண்ணு இங்க என்ன சார் பண்ணுது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சுவது போலக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சிவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். என் வேலை அன்றோடு போனது என்றே நினைத்தேன். பிறகு அவர் எழுந்து உள்ளறைக் கதவைத் திறந்து, "வாங்க ஐயா, இருங்க" என்று அப்பாவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். வெளி ஆள் ஒருவர் அந்தப் படகு ஓடுவதைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

அப்பா திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். கடைசியில், "தண்ணி அசையுது" என்றார்.

"ஐயா, இதைப் பற்றி வெளியில கதைக்க வேண்டாம். வீட்டிலயும்தான்" என்றார் சிவநேசன்.

அப்பா அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். வீட்டில் அம்மாவிடம், "நான் போய்ப் பாத்துட்டேன். தப்பா ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னார். அப்படியானால் என்னதான் வேலை என்று அம்மா கேட்டதற்கு, "அத சொல்லக்கூடாது" என்றார். ஒருத்தி மறைத்துக்கொண்டிருந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் மறைத்தோம். விளையாட்டு கடைக்கு வரும்வரை அம்மா நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

இனி அந்த ஹோட்டல் விஷயத்துக்கு வருகிறேன்.

வெளியீடு நெருங்கியபோது சிங்கப்பூர் நிறுவனத்தின் பிரதிநிதி மிசஸ் கோ, கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் பத்திரிகைக்காரர்களுக்கும் கணினிக் கடைக்காரர்களுக்கும் விளையாட்டைக் காட்டியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். காட்டுவதில் எங்களுக்கு ஆசைதான். ஆனால் விளையாட்டில் ஒரு கோளாறு இருந்தது. படகு இரண்டாவது ஆற்றின் வாய்க்குள் திரும்பும்போது சில சமயம் திரை அப்படியே நின்றுவிடும். சில சமயம் ஒழுங்காகப் போகும். ஏன் என்று தெரியவில்லை. நிரல் எழுதும் கென்னி, நல்ல கெட்டிக்காரப் பையன், கண்ணெல்லாம் சிவந்து போய்த் தேடிக்கொண்டிருந்தான். எங்கே என்று தெரியாத கோளாறு தெரிந்த கோளாறைவிட மோசம். யாராவது இருமினால்கூட அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

"மிசஸ் கோகிட்ட சொல்லிடலாமா சார்?" என்று கேட்டேன்.

"சொன்னா வெளியீட்டை நிப்பாட்டிப் போடுவா. ஒருக்கா நிண்டா பிறகு எழும்பாது" என்றார். "நீங்க ஓட்டிக் காட்டுங்க பரமேஸ். முதல் ஆற்றோட முடிச்சிடுங்க. வேற ஒருத்தரும் தொடக் கூடாது. ஆராவது ஓட்டக் கேட்டா, இது பதிவு செய்த காட்சி எண்டு சொல்லுங்க."

அந்த வாரம் முழுக்க முதல் ஆற்றையே ஓட்டிப் பழகினேன். எங்கே வளைவது, எங்கே மெதுவாகப் போவது, எந்த மரத்தடியில் நிறுத்திப் பேசுவது எல்லாம் மனப்பாடம். சோறு பிசையும்போதுகூட என் கை தட்டின் மேல் படகு ஓட்டுவதைப் பார்த்து அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

ஹோட்டல் அறையில் குளிர்சாதனம் எலும்புவரை குத்தியது. ஆனாலும் என் உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. நாற்காலிகள் நிறைந்திருந்தன. பெரிய ஒலிபெருக்கிகளை மிசஸ் கோவின் ஆட்களே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எங்கள் படகு சத்தத்தோடு ஓடியதை நான் முழுதாகக் கேட்டதே அங்கேதான். தண்ணீர் சளசளத்தது, பறவை கூவியது. அறையில் சலசலப்பு அடங்கியது. வந்தவர்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நான் மனப்பாடம் செய்ததைச் சொல்லிக்கொண்டே ஓட்டி, கடைசி வளைவில் படகை நிறுத்தினேன். கைதட்டினார்கள். முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கிள்ளானில் கணினிக் கடை வைத்திருக்கும் காதர் அண்ணன். பெரிய உருவம், சிரித்த முகம்.

"நல்லா இருக்குலா. நானும் கொஞ்சம் ஓட்டிப் பாக்கவா தங்கச்சி?"

நான் சிவநேசனைப் பார்த்தேன். அவர் கை கண்ணாடிக்குப் போயிருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. இது பதிவு செய்த காட்சி அண்ணே. ஐந்தாறு சொல்தான். அதற்குள் மிசஸ் கோ, அவர் மவுஸைக் கை காட்டியதிலேயே புரிந்துகொண்டு, "தாராளமாக, அதற்குத்தானே எல்லாரையும் அழைத்திருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அவருக்குக் கோளாறு பற்றி எதுவும் தெரியாது. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. எழுந்து காதர் அண்ணனுக்கு நாற்காலியைக் கொடுத்தேன். கொடுக்கும்போது குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அண்ணே, ரெண்டாவது ஆத்துக்குள்ள மட்டும் போகாதீங்க."

"ஏன், அங்க என்னா இருக்கு?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டு, நேராக அங்கே போனார்.

படகு திரும்பியது. அவர் குஷியாக ஹாரனை அடித்தார். திரை நின்றது. ஹாரன் நிற்கவில்லை. அதே சத்தம், நடுவில் அறுந்து அறுந்து, அந்தப் பெரிய ஒலிபெருக்கிகளில் அறை முழுக்க முழங்கிக்கொண்டே இருந்தது. யாரோ ஓடிப்போய்ச் சுவர் சுவிட்சை அணைத்தார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலலா" என்றார் காதர் அண்ணன், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

மிசஸ் கோ சிவநேசனைத் திரும்பிப் பார்த்தார். இவர் ஏதாவது சமாளிப்பார், மின்சாரத்தின் மேல் பழி போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். நானே அப்படிச் செய்திருப்பேன். சிவநேசன் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அவர் மேல பிழை இல்ல. இந்தக் கோளாறு எங்களுக்கு முன்னமே தெரியும். காரணம் இன்னும் தெரியேல்ல. தெரிஞ்சுகொண்டே உங்களுக்கு மறைச்சுக் காட்டினோம்." தமிழில் ஒரு தடவை சொல்லிவிட்டு அதையே ஆங்கிலத்தில் மிசஸ் கோவைப் பார்த்துச் சொன்னார்.

மிசஸ் கோ கைப்பையை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய் நின்றார். ஒரு பத்திரிகைக்காரர் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தபோது, பின்னால் ஒயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கென்னி எழுந்து கிட்டத்தட்ட ஓடிவந்தான். எங்களோடு இருந்து கற்றுக்கொண்ட உடைந்த தமிழில் கேட்டான்.

"அங்கிள், திரும்பும்போது ஹாரன் அடிச்சியா?"

"அடிச்சேன் தம்பி. சத்தம் நல்லா இருந்திச்சு."

கென்னி தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு இயந்திரத்தை மறுபடி போட்டு, அத்தனை பேர் முன்னாலும், காதர் அண்ணனை அதே மாதிரி ஓட்டச் சொன்னான். ஹாரன் இல்லாமல் திரும்பியபோது படகு ஒழுங்காகப் போனது. ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியபோது நின்றது. இன்னொரு முறையும் நின்றது. ஹாரன் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது புது ஆற்றின் சத்தத்தையும் சிடியிலிருந்து எடுக்கப் போய், இரண்டும் முட்டிக்கொள்கின்றன. மாதக்கணக்கில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஓட்டிய எங்களுக்கு, எப்போது ஹாரனை அழுத்தினோம், எப்போது அழுத்தவில்லை என்பதே தெரிந்திருக்கவில்லை.

வந்தவர்கள் யாரும் எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு கென்னியைச் சுற்றி நின்றார்கள். "இப்ப அடிச்சிப் பாரு, இப்ப விட்டுப் பாரு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மிசஸ் கோ மட்டும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போயிருந்தார்.

திரும்பும்போது சிவநேசனின் காரில் வந்தேன். என்னைப் பிரிக்ஃபீல்ட்ஸில் இறக்கிவிடும்போது, "அந்தப் பொய்யை நீங்க சொல்லாம விட்டது நல்லது. நான்தான் உங்களுக்கு அதைத் தந்திருக்கக் கூடாது" என்றார். தலையாட்டிவிட்டு இறங்கினேன். மறுநாள் நான் வேலைக்குப் போனபோது கென்னி கோளாறைச் சரிசெய்திருந்தான். அலுவலகத்தில் எல்லா ஒலிபெருக்கிகளும் அலறிக்கொண்டிருந்தன. கிளினிக் நர்ஸ் மேலே வந்து, என்ன சத்தம் என்று கேட்டார். "படகு" என்றார் சிவநேசன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம். மிசஸ் கோ போனை எடுக்கவில்லை. வெளியிடுவாரா, கைவிடுவாரா என்று தெரியாது. போன் மணி அடித்தால் எல்லாரும் எழுந்து நிற்போம். சிவநேசன் கடைசியில் தானே பேருந்து ஏறிச் சிங்கப்பூர் போனார். திரும்பி வந்தபோது சட்டை கசங்கி, முகம் வாடியிருந்தது. வெளியிடுகிறார்கள், ஆனால் விளம்பரம் கிடையாது என்றார். சுவரொட்டி, பத்திரிகை விளம்பரம், சிங்கப்பூரில் வைத்திருந்த கூட்டம் எல்லாவற்றையும் மிசஸ் கோ ரத்து செய்துவிட்டார். என் வேலையே விளம்பரம்தான். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது.

பத்திரிகைக்காரர் ஹோட்டலில் நடந்ததை மறைக்காமல் எழுதினார். கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில் நாளிதழ் விற்கிற இடத்தில் நின்றபடியே அதைப் படித்தேன். படகு நின்றது, முதலாளி ஒப்புக்கொண்டது, கடைக்காரர்கள் கூடி நின்று கோளாறைக் கண்டுபிடித்தது எல்லாம் இருந்தது. 'நின்றுபோனதைப் பார்த்த பிறகும் கடைக்காரர்கள் எழுந்து போகவில்லை' என்ற கடைசி வரி நல்லதா கெட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். கடைக்காரர், "வாங்கப் போறியா, இங்கியே படிச்சி முடிக்கப் போறியா?" என்று கேட்டார்.

விளையாட்டு கடைக்கு வந்த முதல் சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். காதர் அண்ணன் கடையில் இருந்தால் என்னை அடையாளம் கண்டுகொள்வாரே என்று எதிர்வரிசையில் துணிக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். கடை வாசலிலேயே ஒரு கணினியை வைத்திருந்தார். ஒலிபெருக்கி வெளியே பார்த்து இருந்தது. போகிற வருகிற ஆட்களையெல்லாம் கைபிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த கேம் நின்னுபோனத நான் என் கண்ணால பாத்தேன். நான்தான் நிறுத்தினேன். இப்ப நிக்காது. நீங்களே ஓட்டிப் பாருங்க, ஹாரன் அடிச்சிக்கிட்டே திரும்புங்க."

அலுவலகம் விட்டு வந்த மாதிரி ஒரு பெண், தோளில் பையோடு, சந்தேகமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முதல் ஆற்றில் கரையில் இரண்டு தடவை மோதினாள். இரண்டாவது ஆற்றின் வாய்க்கு வந்தாள். காதர் அண்ணன், "அடிங்க, அடிங்க" என்றார். அவள் ஹாரனை அழுத்தினாள். அந்தச் சத்தம் தெருவைத் தாண்டி என்னிடம் வந்தது. துணிக்கடைத் தூணை எப்போது பிடித்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

படகு உள்ளே போனது. ஹாரன் அடங்கி, புது ஆற்றின் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.